முதலாளியின் கைத்துப்பாக்கி

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா?

இங்கே ஒரு சின்னச் சிக்கல், பதறாதே. முதலாளி தன் கைத்துப்பாக்கியை ரிப்பேர் கடையில் கொடுத்துவரச் சொன்னார். "லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு ஐயா, எனக்கு ஒரு கடிதமாவது குடுங்க" என்றேன். "கார் ஓட்டுறவனுக்குச் சட்டம் வேறயா?" என்று சிரித்தார். சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துப்போனேன். நாலாவது தெருவில் போலீஸ் சோதனை.

என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டார்கள். "துப்பாக்கி என்னுதுதான். டிரைவர் திருடிட்டான்" என்றார், காபிக்குச் சர்க்கரை சொல்கிற குரலில். கொடுத்ததாக ஒப்புக்கொண்டால் அவரும் உள்ளே வர வேண்டுமாம், என் வக்கீல் சொன்னார்.

போன மாதம் அதே துப்பாக்கியை என் கையில் கொடுத்து, "பொண்டாட்டிக்கு அனுப்புடா" என்று அவரே ஒரு படம் எடுத்தாரே, அதையும் போலீசிடம் கொடுத்துவிட்டார். நான் துப்பாக்கியை அடிக்கடி எடுப்பேன் என்பதற்கு அதுதான் சாட்சியாம்.

இரண்டு பனியன், ஒரு துண்டு அனுப்பு. நாடா வைத்த கால்சட்டை வேண்டாம், இங்கே பிடுங்கிக்கொள்வார்கள். கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள், அழுது எழுதாதே.

காவலர் பேனாவைக் கேட்கிறார். கூடத்தில் நீ மாட்டியிருக்கும் அந்தப் படத்தைக் கழற்றிவிடு. அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.