வருடப் பிறப்பின் முதல் பூசை

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் உரிய பிலோமினா அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. இத்தனை காலத்தில் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் சண்டையில்தான் முடியும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலும் அப்படித்தானே? நான் கத்துவேன், நீ சிரிப்பாய், அம்மாவின் அடி எனக்கு விழும்.

ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. செத்தவள்மேல் உயிரோடிருப்பவளுக்கு என்ன பொறாமை என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் யாரும் அக்காவின் புருஷனைக் கட்டி, அக்காவின் வீட்டில் குடியிருந்து பார்த்தவர்கள் அல்ல.

உனக்கு நடந்தது கலியாணம். பாண்ட் வாத்தியம், வெள்ளைப் பட்டு, நடுப்பீடத்தில் பூசை வைக்க மூன்று சுவாமிமார். பிள்ளைப்பேற்றில் நீயும் பிள்ளையும் ஒன்றாகப் போனபிறகு, சீதனமாய்க் கொடுத்த வீடு கைமாறக் கூடாது, மாப்பிள்ளையும் தங்கமான மனிதர் என்று சொல்லி, நம் அப்பு என்னைப் பிடித்து அதே வீட்டுக்குள் விட்டார். பக்கப் பீடத்தில் ஒரு சுவாமி, இரண்டு சாட்சி, அவ்வளவுதான். துக்கவீடு என்று படம்கூடப் பிடிக்கவில்லை. விறாந்தையில் இன்றைக்கும் தொங்குவது உன்னுடைய கலியாணப் படம். வாரத்துக்கொரு தடவை அதன் தூசியைத் துடைப்பவள் நான்.

அலுமாரி உன்னுடையது. அதன் கண்ணாடி உன்னுடையது. உன் புருஷன் என்பதால் நான் அத்தான் என்று கூப்பிட்டவரை, என் புருஷனான பிறகும் அதே அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். பக்கத்து வளவு எலிசபெத்து மாமியை உனக்குத் தெரியும்தானே, வாய் சும்மா இருக்காது. கிட்டடியில் ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, "பிலோமினா வைக்கிற மீன்குழம்பு மணம் சந்தி வரைக்கும் வரும், என்ன?" என்றார்.

"அப்ப நான் வைக்கிறது வாசல் படலை தாண்டேல்லையோ மாமி?" என்று கேட்டேன்.

"உன்ரையும் பரவாயில்லைப் பிள்ளை" என்றார். செத்தவள் வைத்த குழம்பில் ஒருநாளும் உப்புக் கூடுவதில்லை அக்கா.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது வருடப் பிறப்பின் முதல் பூசை.

அந்தப் பூசைக்கு வராதவர்கள் இல்லை. பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு கோயில் பக்கம் தலைகாட்டாதவர்களும் வருவார்கள், கொழும்பில் வேலை செய்கிறவர்கள் லீவில் வந்து நிற்பார்கள். தொடங்கும்போது சுவாமி, இன்றைய பூசை யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று பூசைகள் எழுதிய கொப்பியைப் பார்த்து வாசிப்பார். எட்டு வருடமாக, அத்தான் காணிக்கை கொடுத்து எழுதுவிக்க, அது உன் பெயர். வருடத்தின் முதல் நாள் ஊர் முழுக்க முழந்தாளில் நின்று முதன்முதலாய்க் கேட்கும் பெயர் உன்னுடையது. பெண்கள் பக்கத்தில் எல்லாரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஆண்கள் பக்கம் பார்ப்பேன். அங்கே அத்தான் நாடி நெஞ்சில் முட்டக் குனிந்துகொண்டு நிற்பார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துத்தான் என்னுடைய ஒவ்வொரு வருடமும் தொடங்கும்.

அதிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ செத்ததற்கு அடுத்த வருடப் பிறப்புக்கு அவர் அந்தப் பூசை கொடுக்கவில்லை. என்னைக் கட்டிய பிறகுதான் தொடங்கினார். என்னோடு இருக்க இருக்க உன் நினைவு கூடுகிறதென்றால், நான் எதில் குறைந்தவள்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

இந்த முறை எனக்கு அந்தப் பூசை வேண்டியிருந்தது. அக்கா, எனக்கு ஏழு மாதம். முதல் இரண்டும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை, இது தங்கியிருக்கிறது. பிள்ளை உதைக்கும்போது சந்தோஷத்தோடு உன் ஞாபகமும் வரும். நீயும் ஏழாம் மாதத்தில் இப்படித்தான் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தாய். எனக்கும் பிள்ளைக்கும் சுகம் கேட்டு ஊர் முழுக்க ஒருதரம் மன்றாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அத்தானிடம் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார். ஆனால் கேட்டு வாங்க எனக்கு மனமில்லை. உனக்கு எதையும் நீ கேட்டு வாங்கவில்லையே?

கிறிஸ்மசுக்கு முந்திய ஆகமனகாலத்து முதல் ஞாயிறு அன்று வரும் வருடத்துக்கான பூசைக் கொப்பியைத் திறப்பார்கள். அத்தானுக்கு அன்றைக்குக் காரைநகர்த் துறைக்குச் சனம் ஏற்றி வள்ளம் ஓடும் முறை. "நான் போய்ப் பூசைக்குச் சொல்லிப்போட்டு வாறன்" என்றேன். தலையை ஆட்டினார். கோயில் மூப்பர் சவிரிமுத்துவை நீ மறந்திருக்க மாட்டாய். கண் இப்போது சரியாகத் தெரியாது, ஆனாலும் கொப்பியை வேறு கைக்குக் கொடுக்க மாட்டார். போன வருடக் கொப்பியைப் பார்த்து முதல் பக்கத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

"முதல் பூசை உங்களுக்குத்தானே, எழுதிப்போட்டன் பிள்ளை. நீ வந்திருக்கத் தேவையில்லை" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் வாய் திறக்க முன்னமே உன் பெயர் அங்கே போய்க் குந்திவிட்டதே! "அக்கான்ர பேரை வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதுங்கோ மூப்பர்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு உன் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, மேலே மரிய திரேசம்மா என்று என் ஞானஸ்நானப் பெயரை எழுதினார். உன் பெயருக்குக் குறுக்கே அந்தக் கோடு போனபோது எனக்கு வந்த ஆறுதலைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வருடப் பிறப்பு வந்தது. இந்த வருடம் கேக் இல்லை, சீனிக்கும் மாவுக்கும் எங்கே போவது? பாணுக்கே விடியமுன் வரிசையில் நிற்கிறோம். பனங்கிழங்கு ஒடியல் மாவில் பிட்டு அவித்து மூடி வைத்துவிட்டு, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முன்வரிசையில் போய் இருந்தேன். வெட்கம் கெட்ட வேலைதான். என் பெயரை வாசிக்கும்போது எல்லாரும் என்னைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

சுவாமி ஊருக்குப் புதிது, வந்து மூன்று மாதம். எங்களில் யார் யார் என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கொப்பியை எடுத்து, நல்ல கணீர்க் குரலில் வாசித்தார்.

"இந்தப் புதுவருடத்தின் முதல் திருப்பலி, நம்மை விட்டுப் பிரிந்த மரிய திரேசம்மாவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

நான் வெட்டச் சொன்னது பெயரை மட்டும். மூப்பர் வெட்டியதும் பெயரை மட்டும். மிச்ச வசனம் உனக்கு எழுதியபடியே இருந்தது.

"அவருடைய ஆத்துமத்துக்காக ஒரு நிமிடம் மௌனமாகச் செபிப்போம்" என்று சுவாமி கண்ணை மூடினார். எலிசபெத்து மாமி என் கையில் கிள்ளி, "எடியே, நீ இருக்கிறாய்தானே?" என்றார். வயிற்றில் பிள்ளை அசையவில்லை. கைவைத்துப் பார்த்தேன், அசையவேயில்லை. உன் இடத்தை நான் கேட்டேன், ஆண்டவர் முழுசாகவே தந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"சுவாமி! அவ சாகேல்லை!"

அக்கா, அது அத்தான். வள்ளத்தில் சனம் முழுக்கக் கதைக்க, மெஷின் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மனிதர். கோயிலில் ஆமென் சொல்லும்போதுகூட உதடு மட்டும்தான் அசையும். அவர் எழுந்து, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவ என்ர பெண்சாதி. உயிரோட இருக்கிறா. அங்க, முன்னுக்கு இருக்கிறா பாருங்கோ. அவவுக்கு அந்தச் செபம் வேண்டாம் சுவாமி, அதை நிப்பாட்டுங்கோ!"

சுவாமி கண்ணைத் திறந்து கொப்பியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போய்விட்டது, பாவம். "அப்படியென்றால் இந்தத் திருப்பலியை இந்தத் தாயின் சுகத்துக்காகவே ஒப்புக்கொடுப்போம்" என்று ஒருவாறு சமாளித்தார். பிரசங்கத்தில், மரியாள் எல்லாவற்றையும் தன் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தாள், நாமும் கடந்த வருடத்தை அப்படி உள்ளத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார். மரியாள் வைத்தால் சிந்தனை. நான் வைத்தால் புளிக்கிறது. பொதுமன்றாட்டில் மழைக்கும், கடலில் நிற்பவர்களுக்கும், பாண் வரிசையில் நிற்பவர்களுக்கும் வேண்டியபிறகு, பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக ஒரு மன்றாட்டைத் தானாகவே சேர்த்துச் சொன்னார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் கொடுத்த சத்தத்தில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்தால் எல்லாரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். வருடத்தின் முதல் நாளே இப்படி வாசித்தது நல்லதுக்கில்லை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். எலிசபெத்து மாமி அவளை ஏசினார். "செத்ததாக் கதை வந்தா ஆயுசு கூடுமடி. இனி இவள் எங்கள் எல்லாரையும் புதைச்சுப்போட்டுத்தான் போவாள்." மூப்பரை நான் ஒரு பார்வை பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. "நீ பேரைத்தானே வெட்டச் சொன்னனி பிள்ளை. மிச்சத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

வீடு வரைக்கும் அத்தான் என் முழங்கையைப் பிடித்த கையை விடவில்லை. படலையடியில் வந்துதான் கேட்டார்.

"நீர் என்ன சொல்லிக் குடுத்தனீர்?"

சொன்னேன். உன் பெயரை வெட்டச் சொன்னதையும், அதில் எனக்கு வந்த ஆறுதலையும் ஒளிக்காமல் சொன்னேன். "எட்டு வருசமா நீங்கள் அக்காவை நினைச்சுக் குனியிறதைப் பாத்துக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது" என்றேன். ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

"அவவை மறக்கேலாமல் குடுக்கிற பூசை எண்டோ நினைச்சனீர்?"

"பின்னை?"

படலைக் கம்பைத் தடவினார். "எங்கட கலியாணம் முடிஞ்சு வந்த அந்த மார்கழி. நீர் குசினிக்குள்ள பூனையோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். மீனைக் குடு, இல்லாட்டி வீட்டை விட்டுப் போ எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவ போய் ரண்டு வருசம்கூட ஆகேல்லை. அவ செத்த வீட்டுக்குள்ள நிண்டு நான் சிரிச்சிட்டன். அதுக்கு அவவிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் பூசை குடுத்தனான்."

"அது ஒருக்கால்தானே? பிறகேன் ஒவ்வொரு வருசமும்?"

"ஒவ்வொரு வருசமும்தானே சிரிக்கிறன்" என்றார்.

சொல்லிவிட்டு, பிட்டு ஆறிப்போகும் என்று உள்ளே போய்விட்டார். நான் அந்தப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வருடமாக அந்தக் குனிந்த தலையைப் பார்த்து எரிந்தவள் நான். அந்தத் தலை என்னால்தான் குனிந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்கிறாயா? உன்மேல்தான். என்னோடு சந்தோஷமாக இருக்கிறார் என்பதை அந்த மனிதர் எட்டு வருடமாக உன்னிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒருநாள் சொல்லவில்லை. என் வீட்டுச் செய்தி எனக்கு முன்னமே உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கனவில் வந்தாவது சொல்லியிருக்கக் கூடாதா? சின்ன வயதிலும் இப்படித்தான், எல்லாவற்றையும் தெரிந்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு இருப்பாய்.

பங்குனியில் எனக்கு நாள் என்கிறார்கள். உனக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது என்று நீ அங்கே சொல்லவேண்டிய இடத்தில் சொல்லு. இதைக் கேட்க எனக்குக் கூச்சமில்லை, நீ எனக்கு அக்காதானே?

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பிள்ளையும் நானும் தப்பி எழும்பினால், வருகிற ஆகமனகாலத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே மூப்பரிடம் போவேன். முதல் பூசைக்கு உன் பெயரைச் சொல்வேன், முழு வசனத்தையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும், இனி நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் அக்கா, நீ அவரை முழுதாக மன்னித்துவிடாதே. பூசை கொடுப்பதை அவர் நிறுத்திவிட்டால், அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஊர்காவற்றுறையில் நம் இருவருடைய வீட்டிலிருந்து,
உயிரோடிருக்கும் உன் தங்கச்சி,
திரேசம்மா