ஆறிடுச்சா?

அன்புள்ள குருவிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி அந்த வரியை அடித்துவிட்டேன். உன் நலம் எனக்குத் தெரியாதா? போனில் பேசலாம் என்றால் உன் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் பார்சலுக்குள் கடிதம்.

பார்சலில் இருப்பது சிலிக்கான் ஷீட். ஜெல்லி மாதிரி வழுவழுவென்றிருக்கும். உன் கைத் தழும்பின் அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள். புண் முழுசாக மூடியிருந்தால்தான் ஒட்ட வேண்டுமாம். பொருக்கோ கசிவோ இருந்தால் கூடாது. தினமும் எடுத்து, ஷீட்டையும் கையையும் கழுவி, ஈரம் காய்ந்ததும் மறுபடி ஒட்டு. ஷீட்டை எடுத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் வாசலின் தடவி விரலால் வட்டமாக அழுத்தித் தேய். வெயிலில் போனால் மூடிக்கொள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். உன் அண்ணி சொல்கிற எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட் எதையும் கிட்டே சேர்க்காதே. வெந்த தோலை இன்னொரு தடவை வேக வைக்கிற வேலை அது.

முழுசாக மறைந்துவிடுமா என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "மறையாதும்மா, மங்கும். அதுக்கும் மாசக்கணக்குல பொறுக்கணும்" என்றார். அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. இந்த ஊரில் உண்மை பேசுகிற வியாபாரி ஒருத்தராவது இருக்கிறார்.

நம் சலவைக்கூட மேனேஜர் உனக்குத் தங்கக் கலர் டப்பாவில் க்ரீம் அனுப்பினாராமே? இங்கே அதுதான் பேச்சு. ஏழே நாளில் தழும்பு காணாமல் போகும் என்று மேலே அச்சடித்திருக்கிறதாம். காணாமல் போவதில் அவருக்கு என்ன அவசரம் என்று எல்லாருக்கும் தெரியும். "கையைச் சுட்டவனே களிம்பும் அனுப்புறான் பாரு, என்ன தாராளம்!" என்றாள் டீ அக்கா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நம் சூப்பர்வைசர், அதான் நாம் விசில் என்று கூப்பிடுகிற ஆள், உனக்குப் போன் செய்து "ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார். நீயும் நல்ல பிள்ளையாக "ஆறிடுச்சு சார்" என்று சொல்லியிருக்கிறாய். மறுநாள் காலை சலவைக்கூடத்தில் எல்லாரையும் நிற்க வைத்து, "அந்தப் பொண்ணே ஆறிடுச்சுன்னு சொல்லிடுச்சு, அதுக்கு நம்ம மேல ஒரு வருத்தமும் இல்ல. நீங்க எதுக்கு வாயத் திறக்கறீங்க?" என்றார். நீ சொன்னது புண்ணை. அவர் எடுத்துக்கொண்டது மனசை. ஒரே சொல்லில் இரண்டையும் மூடிவிட்டார், களவாணி.

அன்று மதியம் மடிக்காத பெட்ஷீட் குவியலில் சாய்ந்தேன். டிரையரிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தாயின் வயிறு மாதிரி வெதுவெதுப்பு. எப்போது கண் மூடினேன் என்று தெரியவில்லை. கூடத்துக்குச் சுவர்களே இல்லை. நீராவிக்குள்ளிருந்து நீ வருகிறாய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு. உன் தழும்பு முழங்கையில் ஊற்றெடுத்து, மணிக்கட்டைத் தாண்டி, விரல் விரலாகப் பிரிந்து ஓடுகிறது. ஆறு, குருவி. நிஜ ஆறு. துளிகூடச் சூடில்லை. நாங்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்து, முகம் தெரியாத யார் யாரோ படுத்தெழுந்த பெட்ஷீட்டுகளை அதில் அலசிக்கொண்டிருக்கிறோம். அவை கையை விட்டு நழுவி, கொக்குகள் போல ஒவ்வொன்றாக எழும்பிப் போகின்றன. யாரும் எங்களைத் திட்டவில்லை. விசில் மட்டும் அக்கரையில் நின்றுகொண்டு "ஆறிடுச்சா, ஆறிடுச்சா" என்று கத்துகிறார். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆறாத்தான் சார் ஓடுது, எறங்கிப் பாருங்க, ஆழம் தெரியும்" என்கிறாய்.

துணி தேய்க்கிற பிரஸ் மெஷினின் சூட்டுத் தட்டு இறங்குகிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கை நனைந்திருப்பது போலவே இருந்தது.

அடுத்த புதன்கிழமை உன் விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி வருகிறார். நீ அசட்டையாகக் கையைப் பிரஸ்ஸுக்குள் விட்டாய் என்று சொல்லப்போகிறார்கள். கை உள்ளே இருந்தால் தட்டை இறங்கவிடாமல் தடுக்கிற பட்டையைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அடிக்கொரு தரம் மெஷின் நின்றால் வேலை ஓடாதாம். நம் கை போனால் ஓடும். அதிகாரி வருகிற அன்று காலையில் கம்பியை அவிழ்ப்பார்கள், போனதும் கட்டுவார்கள். இன்று வரை அவிழ்க்கவில்லை. அதே மெஷினில் இன்னொருத்தி நிற்கிறாள். தட்டு மேலே போகும்போதெல்லாம் அது திரும்ப இறங்குகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் பத்துப் பேர் வாயால் சொல்வதை, உன் ஒரு கை சொல்லிவிடும்.

கையை வெளியே காட்டினால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அண்ணி கேட்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஊர் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தழும்பைப் பார்த்து ஓடுகிறவன் ஓடட்டும் என்று நான் சொன்னதாகச் சொல். வேண்டாம், சொல்லாதே. அப்புறம் அடுத்த பார்சலைப் பிரிக்க விடமாட்டார்.

தோல் ஆறட்டும், குருவி. மங்கி மங்கி, ஒருநாள் நீயே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடிப் பார்க்கிற அளவுக்கு மங்கட்டும். அந்தத் தங்க டப்பாவுக்காக இல்லை, உனக்காக. ஷீட்டை விடாமல் ஒட்டு. புதன்கிழமை ஒரு நாள் மட்டும் அதை எடுத்து வைத்துவிட்டு, கனவில் வந்த மாதிரியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வா. பஸ் நிலையத்தில் டீ அக்கா காத்திருப்பாள். அதுவரைக்கும் நீ மட்டும் ஆறிப்போய்விடாதே.

இப்படிக்கு,
இப்போது உன் மெஷினில் நிற்கும்
உன் தோழி.