ராங்கியின் பிரேக்

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் என் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் "ம்... அப்புறம்... அப்புறம்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளும் பேனாவும். தாளில் "அப்புறம்" என்று எழுத முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஷெட்டைத் திறந்தேன். பதினாறு வருஷமாகத் தொடாத பூட்டு, சாவிக்கு அசையவில்லை. உன் மாமா ரம்பத்தால் அறுத்தார். நம் பந்தய வண்டி ராங்கி, நிறுத்தின இடத்திலேயே நிற்கிறாள். நாலு டயரிலும் காற்றில்லை. வலது முன்பக்கம் நசுங்கினது நசுங்கினபடி இருக்கிறது. கதவில் 27ஆம் நம்பர் இன்னும் தெரிகிறது. டிரைவர் சீட்டுப் பஞ்சு முழுக்க ஓர் எலிக் குடும்பத்துக்குச் சொந்தம். நான் கதவைத் திறந்ததும் தாய் எலி என்னை நிமிர்ந்து பார்த்தது, வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்தவளைப் பார்ப்பதுபோல.

ஏன் திறந்தேன் என்று கேட்பாய். ஏப்ரல் 26ஆம் தேதி, பழைய பந்தய வண்டிகளை மட்டும் ட்ராக்கில் ஒரு சுற்று ஓடவிடப்போகிறார்களாம். போட்டியெல்லாம் கிடையாது. மோட்டார் கிளப்பிலிருந்து தகவல் வந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. ஐம்பத்தாறு வயசில் இது தேவையா என்று உன் மாமா கேட்டாயிற்று, நீயும் தொடங்காதே.

இங்கே பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுல கம்ப்யூட்டர் வயரை எங்கம்மா மாட்டுறது?" என்று கேட்டார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். ராங்கியின் உடம்பு உனக்குத்தான் தெரியும். வா என்றால் வரமாட்டாய். என்ன செய்யணும் என்றாவது எழுது, நான் செய்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். உன் மருமகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, பேச்சு மட்டும் நாற்பது வயசுக்காரி பேச்சு.

முதல் வேலை, ஸ்டார்ட்டரில் கை வைக்காதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். பேட்டரி வாங்கி மாட்டி, "சும்மா ஒரு தடவை பார்ப்போம்" என்று அழுத்திவிடுவாய். உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ஜின் போய்விடும். ஸ்பார்க் ப்ளக் நாலையும் கழற்று. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விடு. மூன்று நாள் சும்மா விடு. அப்புறம் டயருக்குக் காற்றடித்து, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. என்ஜின் சுற்றினால் பிழைத்தோம். சுற்றாவிட்டால் மறுபடி ஆயில், மறுபடி மூன்று நாள். முரட்டுத்தனம் கூடாது.

டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை. வடித்து எடு. ரப்பர் குழாய் ஒன்றையும் நம்பாதே.

இன்னொன்று. நீ கேட்காதது, நான் கேட்பது.

பதினாறு வருஷத்துக்கு முன், நீ ராங்கியைக் கடைசியாக ஓட்டின அந்தப் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பிரேக் பெடலுக்குப் பின்னால் இருக்கும் பின்னைப் புதிதாக மாட்டினேன். பெடலையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அது நழுவாமலிருக்க ஒரு சின்ன ஸ்ப்ளிட் பின் போட்டு, அதன் இரண்டு காலையும் பிரித்து மடக்கணும். போட்டது நினைவிருக்கிறது. அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது, இவளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று. ஓடினேன். காலை மடக்கினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நீ ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு "பிரேக் பிடிக்கல" என்றாய். வண்டி மோதி, வளைவில் கொடி காட்ட நின்ற கொடிக்காரருக்குக் கால் உடைந்தது. நான் போய்க் குனிந்து பார்த்திருக்கணும். தைரியம் வரவில்லை. பிள்ளையையும் இவளையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு வந்துவிட்டேன். லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கே என் பட்டப்பெயர் "மூணு தடவை". எதையும் மூன்று தடவை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். கூட வேலை செய்யும் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

டார்ச் எடுத்துக்கொண்டு பெடலுக்கு அடியில் பார். அந்த ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா, கால் மடங்கியிருக்கிறதா? எதுவானாலும் உள்ளதை எழுது. நான் தாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றுகிறதடா! என்ஜின் சுற்றுகிறது! ஆறு நாள் ஆயிற்று. முதல் மூன்று நாள் கழித்து ஆட்டினோம், பாறை மாதிரி நின்றாள். உன் மாமா, "அவ பேரு ராங்கி, நீ தள்ளினா அசைவாளா?" என்றார். மறுபடி ஆயில் விட்டோம். நேற்றுக் காலையில் பின்பக்கம் முட்டுக்கொடுத்துத் தள்ளினபோது உள்ளே 'சளக்' என்று ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி உருண்டாள். நான் கத்தின கத்தலில் என் டிரைவிங் ஸ்கூலில் வண்டி பழகிக்கொண்டிருந்த வக்கீல் அம்மா பயந்து கம்பத்தில் இடித்துவிட்டார். பெரிய சேதம் இல்லை.

பெட்ரோலை வடித்தோம். வார்னிஷ் நாற்றம். கார்புரேட்டர் கிண்ணத்தில் வெல்லப்பாகு மாதிரிப் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. ஊறப்போட்டிருக்கிறேன். பெட்ரோல் போகும் ஜெட் ஓட்டைகளை எதால் குத்தலாம்? ஊசியால் குத்தினால் திட்டுவாயோ என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். டிங்கர் கடைக்காரர் வந்து நசுங்கின பக்கத்தைத் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். கை சுத்தமான மனுஷன், வாய்தான் ஓயாது.

எலிக் குடும்பத்துக்கு ஷெட் மூலையில் ஒரு பெட்டி வைத்தேன். போகவில்லை. சீட்டுதான் வேண்டுமாம்.

பிரேக் விஷயத்தை அப்புறம் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

தாளிலும் "அப்புறம்" எழுத முடிகிறது போலிருக்கிறது.

ஜெட்டை ஊசியால் குத்தாதே. ஓட்டை பெரிதாகிவிடும். காற்றடித்து ஊது. அடைப்பு போகாவிட்டால் மறுபடி ஊறப்போடு. ஸ்டார்ட் பண்ணும் முன் ப்ளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிடு. ஆயில் பிரஷர் முள் மேலே எழும்ப வேண்டும். முள் எழும்பாமல் ப்ளக் மாட்டாதே.

ஒரு நிமிஷ வேலையைக் கேட்டேன். டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க ஒரு நிமிஷம். மூன்று பக்கம் எலியைப் பற்றியும் டிங்கரைப் பற்றியும் எழுத நேரமிருக்கிற உனக்கு அதற்கு நேரமில்லை. கால் மடங்கவில்லை என்று பார்த்துவிட்டாய், எனக்குச் சொல்ல மனசு வரவில்லை, அப்படித்தானே? சொல்லிவிடு. கொடிக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியாது. என் கவனக்குறைவால் உங்கள் கால் போயிற்று, மன்னித்துவிடுங்கள் என்று. "விடுங்க தம்பி" என்று ஒவ்வொரு தடவையும் பதில் போடுகிறார். எப்படி விடுவது? விட ஒரு காரணம் வேண்டாமா?

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராங்கி எழுந்துவிட்டாள். நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். முள் எழும்பியது. ப்ளக் மாட்டினேன். உன் மாமா மணல் வாளியோடு நின்றார், முகம் மட்டும் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயார். நாலாவது தடவை பிடித்தது. முதலில் இரும்பு டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போலிருந்தது, அப்புறம் பழைய குரல். எலிகள் ஒருவழியாகக் காலி பண்ணின சீட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். சந்தோஷம் என்று உன் மாமா நினைத்துக்கொண்டார்.

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. கொடிக்காரருக்கு நீ எழுதுவது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நீ கேட்டதற்குப் பதில். ஸ்ப்ளிட் பின் இருக்கிறது. இரண்டு காலும் அழகாக மடங்கியிருக்கிறது. இதை நான் இப்போது பார்க்கவில்லை. நீ ஊரை விட்டுப் போன மூன்றாம் நாள், கட்டுப்போட்ட கையோடு ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன்.

அந்த வளைவில் முன்னால் ஒரு வண்டி சுழன்று நின்றிருந்தது. கொடிக்காரர் மஞ்சள் கொடியை ஆட்டினார். வேகத்தைக் குறை, யாரையும் முந்தாதே என்று அர்த்தம். பார்த்தேன். எனக்கு முன்னால் ஓடின ஒரு நீல வண்டி வேகத்தைக் குறைத்தது. இதுதான் சமயம் என்று நான் குறைக்கவில்லை. மூன்றாம் இடம் வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான் காரணம். நீல வண்டியை முந்தினேன். நின்ற வண்டி எதிரே வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடித்ததடா. பிடித்தது. வண்டி பாதி வேகத்துக்கு வந்த பிறகுதான் விலகிக் கொடிக்காரர் மேல் போயிற்று. பிடிக்காமல் இருந்திருந்தால் அவர் இன்று இல்லை.

ஸ்ட்ரெச்சரில் யாரோ "என்னாச்சு?" என்று கேட்டார்கள். வாயில் அது வந்தது. மெஷின் மேல் பழி போட்டேன், மனுஷன் மேல் போடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மெஷினின் மனுஷன் நீதான் என்று தெரியாதா எனக்கு? தெரியும். நீ வந்து கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை, கிளம்பிப் போய்விட்டாய். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. நாள் முழுக்க அடுத்தவர்களிடம் "பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி" என்று கத்திப் பிழைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

முந்தாநாள் கொடிக்காரர் வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுதும் முன் அவரிடம் சொல்லணும் என்று தோன்றியது. மாடிப்படியில் இன்னும் ஒரு பக்கமாகத்தான் இறங்குகிறார். முழுக்கக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "நீங்க கொடியப் பாத்ததை நானும் பாத்தேம்மா. உங்க கண்ணு என் மேல பட்டுச்சு. ஆனா உங்க தம்பி தன் தப்புதான்னு எழுதினாரு. சரி, நம்மதான் தப்பா பாத்திருக்கோம்னு என் கண்ணையே நம்பாம விட்டுட்டேன்." எழுந்து வாசல் பக்கம் வந்தார். "தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப இங்க என்ன பண்றீங்க? போயி எழுதுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 15

கடிதத்தை லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றபடி படித்தேன். முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பையன்கள் வந்து எழுப்பி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

என் வீட்டுக்காரியும் படித்தாள். "இவ்வளவு நாளும் உங்க மேலயே கோபப்பட்டுட்டு இருந்தீங்க. இப்ப ஆள் கிடைச்சாச்சு, நல்லா கோபப்படுங்க" என்றாள். படுகிறேன். பதினாறு வருஷம். என் மகள் பிறந்த நாளை ஒரு தடவைகூட நான் சந்தோஷமாகக் கொண்டாடியதில்லை. அவள் பிறந்ததால்தான் ஒரு மனுஷன் கால் போயிற்று என்று உள்ளே ஒரு மூலையில் நினைத்துக்கொண்டே அவளுக்குக் கேக் ஊட்டியிருக்கிறேன். பச்சைக் குழந்தை மேல் அந்தப் பழி. ஒரு மூன்றாம் இடத்துக்காக. இதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

இனி வேலை.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் பதினாறு வருஷப் பழசு. வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அதை வைத்து ஷெட்டை விட்டு வெளியே எடுக்காதே. பழைய பிரேக் ஆயிலையும் தொடாதே. புது ஹோஸ், சீல், ஆயில் எல்லாம் நான் கொண்டுவருகிறேன். 24ஆம் தேதி காலை வருவேன். இரண்டு நாள் வேலை. ஷெட்டில் நான் மட்டும் இருப்பேன். மாமா வேண்டுமானால் வரட்டும். நீ வராதே.

26ஆம் தேதி ஓடுவதற்கு முன், கிளப்காரர்கள் எல்லோருக்கும் நடுவில், கொடிக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எனக்கு எழுதினதை நீயே வாசிக்க வேண்டும். "பிரேக் பிடித்தது" என்ற வரியை எல்லோர் காதிலும் விழும்படி வாசி.

அப்புறம் வண்டியை நான் ஓட்டுகிறேன். பந்தய வேகத்தில் நான் அவளை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. நீ பக்கத்து சீட்டில் உட்காருவாய். வாயைத் திறக்கக் கூடாது. அதே வளைவுக்கு முன்னால், நீ மிதித்திருக்க வேண்டிய இடத்தில், நான் மிதிப்பேன். வண்டி நிற்கும். நிற்பதை நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ராங்கியின் மெக்கானிக்