ரோசி, உன் மகளை நான் ஒளித்துவைத்தேன்

என் வாயாடி ரோசிக்கு,

அங்கேயும் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளோடு இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பாய். கொஞ்சம் நிறுத்து. உன் மகள் பிலோவைப் பற்றி நல்ல சேதி இருக்கிறது. அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு, எழுத்தில் குறை பார்க்காதே.

கொரோனாவில் நீ போன இரண்டாம் மாதம், கையில் பட்டியலோடு இரண்டு பேர் நம் கல்மண்டபம் தெருவுக்கு வந்தார்கள். அப்பா அம்மா இல்லாத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று விசாரித்தார்கள். அவள் அப்பாவைக் கடல் முன்பே கொண்டுபோயிருந்தது. இப்போது இவளையும் எங்கோ விடுதியில் போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். தெருவுக்கே கண்ணைக் காட்டினேன். நம் தெரு உனக்குத் தெரியாதா? பொய் சொல்வதென்றால் மட்டும் அப்படி ஒரு ஒற்றுமை. பிலோவை எதிர்வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு நான் வாசலில் நின்றேன்.

"அது சித்தி ஊருக்குப் போயிட்ச்சு சார். எந்த ஊருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு நெத்திலி வறுத்தேன்.

அந்தச் சாமர்த்தியத்தில் பிள்ளைக்கு ஒரு வருஷப் படிப்பு போனது. பள்ளி திறந்த பிறகும், அவர்கள் கண்ணில் பட்டுவிடுவாள் என்று நான் அனுப்பாததால், இறால் உரிக்கப் போனாள். விரலெல்லாம் வெளுத்து ஊறிக் கிடக்கும். வாயைத் திறக்க மாட்டாள். உன் வாய் அவளுக்கு வரவே இல்லையடி.

பிறகு ஒருநாள் அவளுடைய டீச்சர் என்னைத் தேடி மீன் மார்க்கெட்டுக்கே வந்தார்.

"அவங்க புள்ளையப் பிரிக்க வரலம்மா. கொரோனாவுல பெத்தவங்கள இழந்த பசங்களுக்கு அரசாங்கம் நிவாரணம் குடுக்குது. படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு எல்லாம். பொண்ணு உங்ககூடவே இருக்கலாம்."

 யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினேன், ரோசி?

மறுநாள் டீச்சர் சொன்ன அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அன்றைக்குப் பட்டியலோடு வந்த இரண்டு பேரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஊருக்குப் போயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"வந்துட்ச்சு சார்."

"எப்போ?"

"போவவே இல்ல சார். நான்தான் பயந்துகினு பொய் சொன்னேன். திட்றதுன்னா என்னைத் திட்டு, அது பேரை மட்டும் எழுதிக்கோ."

அவர் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். பிலோவின் பெயர் பட்டியலில் ஏறியது. கொரோனாவில் விட்டுப்போன பாடங்களுக்காகப் பள்ளியில் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். அவளைத் திரும்பப் பள்ளியிலும் அந்த வகுப்பிலும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் மாதம் கணக்கைப் பார்த்து அழுதாள். அப்புறம் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தாள், சனியன்!

இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல் செலவையும் அந்த நிவாரணமே பார்த்துக்கொள்ளுமாம்.

நேற்று பக்கத்தில் வந்து நின்றாள். "பெரிம்மா, நான் போவட்டா?"

அவளை யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்று தெருவையே பொய் சொல்லவைத்தவள் நான். அவளே போகிறேன் என்றால் நான் எங்கே ஒளித்துவைப்பது? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"என்னை இன்னாத்துக்குக் கேக்குற? போய் பொட்டிய எடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில். நானே வந்து ஏற்றிவிடுவேன். வண்டி நகரும்வரை அழ மாட்டேன், இது உன்மேல் சத்தியம். நகர்ந்த பிறகு நடப்பதை மட்டும் நீ கேட்கக் கூடாது.

கூடப்பிறக்காத உன் அக்கா,
மேரி