அப்பாவைப் பேய் உறுப்பினர் என்று நீக்கிவிட்டார்கள்

நாஜு,
ஏப்ரல் 9

அன்பு மகன் சன்மோவுக்கு அம்மா எழுதுவது. முட்டி வலியைத் தவிர உடம்பு சுகம்தான். நீயும் மருமகளும் அந்தக் குளிர் நாட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் எழுதாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எது அனுப்பினாலும் நீ ஒரு இதயப் படத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறாய். போன வாரம் அப்பாவை இணைய அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அனுப்பினேன், அதற்கும் இதயம்தான் வந்தது. காகிதத்தில் அதை ஒட்ட முடியாது பார், அதனால் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், முழுக்கப் படி.

பேரிக்காய் மரங்கள் பூத்துவிட்டன. இந்த வருஷம் கையால் மகரந்தம் வைக்கும் வேலை முழுக்க என் தலையில். கீழ்த் தோட்டத்துப் பழைய மரங்களுக்கு மகரந்தத்தோடு, வைத்த பூ அடையாளம் தெரிவதற்கான சிவப்புப் பொடி எத்தனை பங்கு கலக்க வேண்டும் என்று அப்பா நம் பேரிக்காய்க்காரர்களின் இணைய அறையில் எழுதியிருந்தாரே, அதைப் பார்க்கலாம் என்று போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் போனைத் திறந்தேன். நீங்கள் இந்த அறையின் உறுப்பினர் இல்லை என்று வந்தது. போன்தான் கெட்டுப்போச்சு என்று பஸ் ஏறிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, போனெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாட்டி, தாத்தாவைப் பேய் உறுப்பினர்னு தூக்கிட்டாங்க என்றான். அவனுக்கு என்ன தெரியும், சிரித்துக்கொண்டே சொன்னான். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அறையை நடத்தும் குக் பான்ஹோவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அண்ணி, நான் ஒண்ணும் கை வைக்கலை, நூறு நாள் யாரு ஒரு வார்த்தையும் எழுதலையோ அவங்களை மெஷினே பேய் உறுப்பினர்னு எடுத்துடும், அவங்க எழுதினதை மறைச்சிடும், முப்பது நாள் கழிச்சு மொத்தமா அழிச்சிடும், உங்க பையன் போட்ட சட்டம்தானே அண்ணி அது, என்றார். அப்பா கண்ணை மூடி நூறு நாள் ஆகிவிட்டது என்பதை நான் எண்ணவில்லை சன்மோ, உன் சட்டம் எண்ணியிருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷம் முன்னே சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு வந்தபோது குக்கும் அப்பாவும் உன்னிடம் யோசனை கேட்டார்கள். முகம் பார்க்காத ஜனங்கள் இணையத்தில் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படிப்பது எப்படி என்று கல்லூரிக்கும் கம்பெனிக்கும் ஆலோசனை சொல்கிறவன் நீ, நமக்குக் காசு வாங்காமல் சொல்வானே என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. மூவாயிரம் பேரில் இருநூறு பேர்தான் பேசுகிறார்கள், மற்றவர்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள், கொடுப்பதில்லை, அவர்களைக் கழித்துக் கட்டினால்தான் அறைக்கு உயிர் வரும் என்று நீ சொன்னாய். அப்பா பேரிக்காய் நறுக்கிக்கொண்டே, உங்கம்மாவும் பார்த்துக்கிட்டு மட்டும்தாண்டா இருக்கா, அவளையும் துரத்திடுவியா என்று கேட்டார். அம்மா எங்கப்பா உறுப்பினர், அவங்க உங்க போன்லதானே பார்க்கிறாங்க என்று சொல்லி நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், அதற்கு என் மேலேயே கோபமும் இப்போது சேர்ந்து வருகிறது.

சரி, நானே சேர்ந்து பார்க்கலாம் என்றால் அதற்கும் உன் சட்டம். முதலில் அறிமுக வணக்கம் எழுத வேண்டுமாம், அப்புறம் பத்து இடத்தில் கருத்து எழுதினால்தான் படிக்கவே விடுமாம். நான் நாலாவது வகுப்போடு நின்றவள். அரை நாள் உட்கார்ந்து நாலு வரி எழுதினேன், கீழே எவனோ ஒருவன் மூன்று எழுத்துப்பிழையைத் திருத்திப் போட்டுவிட்டுப் போனான். இஞ்சோன் நகரத்திலிருந்து வந்து மேட்டுத் தோட்டத்தை வாங்கினாளே பாங் யுன்சில், அவள்தான் வழி சொன்னாள். அக்கா, யோசிக்காதீங்க, பத்து இடத்துல நல்ல தகவல் நன்றின்னு ஒட்டிட்டு வாங்க, கதவு தொறந்துடும், எல்லாரும் அதைத்தான் பண்றாங்க என்றாள். நானும் ஒட்டினேன். ஒருவர் தன் நாய் எலிமருந்து தின்று செத்ததை எழுதியிருக்கிறார், அதற்குக் கீழும் நல்ல தகவல் நன்றி என்று போட்டுவிட்டேன். இதைத்தான் உயிர் என்று சொன்னாயா?

உள்ளே போனால் அப்பா அங்கே வைத்திருந்த ஒற்றைவிரல் என்ற பெயர் எங்கேயும் இல்லை. அவர் பதில் சொன்ன இடமெல்லாம் வெறும் கட்டம், நீக்கப்பட்டவர் என்று. கேள்விகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. யுன்சில் கேட்டதும் இருக்கிறது, இலையில் கறுப்புப் புள்ளி, மரத்தையே வெட்ட வேண்டுமா என்று. அவள் அதைக் கேட்ட ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார், இதுக்கு நீ என்ன சொல்றே மல்சுன். வெட்ட வேண்டாம், விழுந்த இலையைப் பொறுக்கி எரிக்கச் சொல்லுங்கள் என்றேன். அதை ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டி, என் வீட்டுக்காரி சொல்வது என்றுதான் ஆரம்பித்தார். அவர் பதில்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். நாற்பத்தொரு வருஷத்தில் எனக்கென்று அவர் ஒரு வரி எழுதினதில்லை சன்மோ. ஊர் பேர் தெரியாதவர்களுக்கு அறுநூறு பதில் எழுதினார், அதில் நான் இருக்கிறேன். அதை நான் இனி எங்கே போய்ப் பார்ப்பேன்?

குக்கிடம் மறுபடி கெஞ்சினேன். உங்களுக்கு மட்டும் வளைச்சா நாளைக்கு நானூறு பேர் வந்து நிப்பாங்க அண்ணி, சட்டம் போட்டவர் தப்புன்னு ஒரு வரி எழுதட்டும், எல்லாருக்குமே சட்டத்தை எடுத்துடறேன், என்கிறார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் உன் பெயரைச் சொல்லி எத்தனையோ பேரை வெளியே அனுப்பிவிட்டார், இப்போது பின்வாங்க வெட்கம்.

காரியம் முடிந்த மூன்றாம் நாளே விமானம் ஏறினாய், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, வேலை இருக்கும். இதற்கு மட்டும் வேலை இருக்கிறது என்று சொல்லாதே. ஏப்ரல் முப்பதாம் தேதி அழிந்துவிடும். சத்தம் போடாமல் படிக்கிறவர்களும் படிக்கிறார்கள் என்று எழுது. நான் அப்படித்தான் படித்தேன், பூவுக்குப் பொடி வைக்கிறேன். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், தப்பு என்று எழுதினால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளை நான் கேட்டதாகச் சொல். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராமல் அப்பா பார்த்துக்கொள்வார். இதைப் படித்ததும் முதலில் குக்குக்கு எழுது. எனக்கு அப்புறம் எழுதலாம், நான் எங்கும் போகவில்லை.

உன் அம்மா
பியோ மல்சுன்