பீலிக்கரையில் கூடிய கூட்டம்

லிந்துலை
2004 மாசி 8

என் மயிலு, குவைத்தில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே தம்பி சுமனும் நானும் இருக்கிறோம், தோட்டத்து வேலைக்குப் போகிறோம், சாப்பிடுகிறோம். மேட்டு லயத்து வரிசையில் கடைசி வீட்டுக் காம்பரா நாகலெட்சுமியை உனக்குத் தெரியும்தானே, அவர்கள் வேறு சங்கம். ஐப்பசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு நம்ம சங்கத்துத் தலைவர் செல்லசாமி அண்ணன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஹட்டன் கூட்டத்துக்குப் போய்விட்டார், நாகலெட்சுமி சங்கத்து ஆம்பிளைகள் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர ரோடு வரைக்கும் தூக்க ஒருத்தரும் வரவில்லை என்று முன்னமே எழுதினேன். அப்பா கருமாதிக்கு நாகலெட்சுமி வந்து ஓரமாக நின்று, "அக்கா, சங்கம் ரெண்டா இருக்கட்டும், தண்ணி பிடிக்கிற பீலி ஒண்ணுதானே, இனி நம்ம கூட்டம் அங்கதான்" என்றாள். நான் முகம் கொடுக்கவில்லை. அந்தப் பெண்களைப் பார்க்கப் பிடிக்காமல் மூன்று மாதம் கீழே ஓடையில் போய்த்தான் தண்ணீர் அள்ளினேன்.

அவள் விடவில்லை மயிலு. குடத்தோடு நிற்கிற நேரத்தில் இரண்டு சங்கத்துப் பெண்களையும் பேச வைத்தாள். எந்தக் காம்பராவில் பிள்ளைத்தாச்சி, யார் காய்ச்சலில் கிடக்கிறார், எந்த ஆம்பிளை இன்றைக்கு லயத்தில் இருக்கிறான், எல்லாம் பீலியில் தெரிந்துவிடும். ஆபத்தென்றால் பித்தளைக் குடத்தைத் தட்ட வேண்டும், கேட்ட லயத்துக்காரி தன் குடத்தைத் தட்ட வேண்டும், அப்படியே கீழே ரோடு வரைக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது செல்லசாமி அண்ணன், குடத்தையே தலைவராக்கிவிட்டீர்களா என்று கேலி பண்ணினார். "குடம் நெறஞ்சா நேரா வீட்டுக்கு வந்துரும்ணே" என்றாள் நாகலெட்சுமி. கணக்கப்பிள்ளை கூடத் திரும்பி நின்று சிரித்தார்.

போன ஞாயிறு காலையில் செல்லசாமி அண்ணனுடைய மருமகள் ஷாமிலாவுக்கே நாளுக்கு முன்னால் வலி வந்துவிட்டது. குடத்துச் சத்தம் கேட்டதும் நானும் அடுப்படிக் குடத்தை எடுத்துத் தட்டினேன். அவளைத் தூக்கிப் போகக் கம்பளியைக் கம்பில் கட்டுவதற்குள் எட்டு ஆம்பிளைகள் வந்துவிட்டார்கள், இரண்டு சங்கத்து ஆட்களும். நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள், பெண் பிள்ளை, தாயும் சுகம். மயிலு, நாகலெட்சுமி மூன்றாம் வகுப்போடு நின்றவள், அவளுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்ததோ, நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம்.

தூக்கினவர்களில் வீரய்யாவும் ஒருவன், அன்றைக்கு வாசலில் நின்று பார்த்தவன். திரும்பி வரும்போது நம்ம படியில் நின்று, "அன்னைக்கு நான் வரலக்கா" என்றான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கக் கை வந்தது, பேச வாய் வரவில்லை. குடித்துவிட்டுக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வீட்டு வேலை முடிகிற வரைக்கும் பசியோடு நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த முறை கடைக்குப் போன் எடுத்தால் நாகலெட்சுமியோடும் இரண்டு வார்த்தை பேசு. மாரியாத்தா உன்னைப் பத்திரமாக வைத்திருப்பாள்.

இப்படிக்கு உன் அம்மா
காத்தாயி

நாளை விடிந்தால் பீலிக்குப் போகலாம் என்று இருக்கிறேன், வழியில் வீரய்யா காம்பராவைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா இருந்தால் அவனுக்கு என்ன சொல்லியிருப்பார் மயிலு?