இருபத்தொன்றைப் பங்கிட முடியாது

செவ்வாய்க் கிரகம், நான்காம் பசுமைக்கூடம். எழுதுவது நாச்சிமுத்து. வயது 71. படிப்பு எட்டாம் வகுப்பு.

நாள் 212, காலை 06:40
வெப்பம் 31. ஈரப்பதம் 58. காற்றாடி சீராக ஓடுகிறது. கம்பு ஏழரை அடி. கதிர் ஒரு முழம். எங்கள் ஊர் மூலனூரில்கூட இப்படி விளைந்து நான் பார்த்ததில்லை.
என்னோடு இங்கே இருந்த மற்ற இருவரும் போன கப்பலில் ஊர் திரும்பினார்கள். பயிரை விட்டு வரமாட்டேன் என்றேன். சரி என்றார்கள். இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம்.

நாள் 214, பகல் 11:15
இதைக் கண்டெடுப்பவருக்கு: கம்பின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் 14. கண்வலிக்கிழங்குச் சாற்றில் விதையை ஊறவைத்தால் அது 28 ஆகும், மணி பருக்கும். என் தோட்டத்துக் கிழங்கை இடித்து நானே கற்றது. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். மணியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இங்கே அனுப்பினார்கள்.
பூமியிலிருந்து பயிர் ஆராய்ச்சியாளர் டாக்டர் பியூலா:
"ஐயா, பதினாலையும் இருபத்தெட்டையும் ஒரே கூடத்துல வச்சிருக்கீங்க. காத்தாடி மகரந்தத்தக் கலக்கிரும்னு போன போகத்துலயே சொன்னேம்லா? கதிர அடிச்சுப் பாத்துட்டு விளைச்சலச் சொல்லுங்க. அடுத்த கப்பல்ல ஆறு பேரு வாராங்க. உங்க கணக்க வச்சுத்தான் தானியம் ஏத்துவாங்க."
என் பதில்:
"ஏனுங் டாக்டரம்மா, எனக்கே கம்பு சொல்லித் தர்றீங்களா? கதிரப் பாத்தாத் தெரியாதுங்களா? ஆறு பேருக்கு ஒரு வருசத்துக்குத் தாராளமாப் போதும். அரிசி மூட்டைய எறக்கிப் போட்டுட்டு வேற ஏதாச்சும் ஏத்தச் சொல்லுங்க."

நாள் 236, காலை 07:05
கப்பல் கிளம்பிவிட்டது. நடுவழியில் திரும்ப முடியாது. தானியம் ஏற்றவில்லை.

நாள் 240, பகல் 15:30
அறுத்து அடித்தேன். பதர்.
மறுபடி அடித்தேன். பதர்தான்.
வேர்நுனிகளை நுண்ணோக்கியில் வைத்துக் குரோமோசோம்களை எண்ணினேன். முப்பத்துநான்கு செடி. எல்லாமே 21. பதினான்குக்கும் இருபத்தெட்டுக்கும் பிறந்தவை. போன போகத்து விதையில் உயரமாக வந்த நாற்றுகளாகப் பார்த்து நட்டது நான். பழைய 14 விதை சிறுத்திருக்கிறது என்று அத்தனையும் கூழ் காய்ச்சிக் குடித்தவனும் நான்.
பூக்கும்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடும். 21-இல் ஒவ்வொரு வகையிலும் மூன்று. இரண்டு சேர்ந்துகொள்ளும். மூன்றாவது எங்கே போவது என்று தெரியாமல் நிற்கும். வளர்த்தி இருக்கும், மணி இருக்காது.

நாள் 241, பகல் 10:20
ஓரத்தில் குட்டையாக ஏழு செடி. களை என்று பிடுங்க இருந்தேன். எண்ணினேன். 14. மணி இருக்கிறது. அதிலும் கலப்பு இருக்கும். முளைக்கவைத்து, வேர்நுனி கிள்ளி, ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். உயரமானவற்றை எல்லாம் வெட்டிப்போட்டேன். கூடம் வெறிச்சென்று ஆகிவிட்டது.

நாள் 247, பகல் 12:00
410 நாற்று தேறியது. நட்டாயிற்று. நீர் தானே சொட்டும்.
அறுவடை நாள் 330. கப்பல் வருவது நாள் 300. இடையில் முப்பது நாள், ஆறு பேர். 180 பங்கு வேண்டும். ஒரு பங்கு ஒருவருக்கு ஒரு நாள். கிடங்கில் இருப்பது 188.
பூமிக்குச் சொன்னேன்:
"டாக்டரம்மா, அடிக்காமச் சொல்லிப்போட்டனுங்க. அத்தனையும் பதரு. கெடங்குல 188 பங்குதான், அதுல 180 வர்றவிங்களுக்குங்க."
பதில் வர நாற்பது நிமிடம் ஆனது:
"அன்னைக்கே... சரி, விடுங்க. ஐயா, உங்க பங்கையும் சேத்துக் கணக்குப் போடுங்க. அவங்க பாதிப் பாதி சாப்பிட்டுச் சமாளிப்பாங்க. நான் பேசுதேன். கேக்குதா? நீங்க சாப்பிடணும். ஐயா?"
பதில் அனுப்பவில்லை. பாதி வயிற்றோடு மண்ணில் வேலை செய்ய முடியாது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

நாள் 268, காலை 08:10
எனக்கென்று எடுத்துவைத்த எட்டுப் பங்கில் ஏழு தீர்ந்தது. வெட்டிப்போட்ட கம்பந்தட்டையை வேகவைத்துச் சாறு குடிக்கிறேன். பியூலா தினமும் அழைக்கிறார். "ஐயா, ஒரு வார்த்த பேசுங்க, திட்டவாவது செய்யுங்க." ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. குரல் கேட்கட்டும்.

நாள் 283, பகல்
எட்டாவது நேற்று. எண்களைப் படிக்கக் கண் தெளியவில்லை. கிடங்குக் கதவில் 180 என்று எழுதி ஒட்டினேன். இரண்டு முறை எண்ணினேன்.

நாள் 289
கதிர் வருகிறது. சிறிய கதிர்.
வரும் ஆறு பேருக்கு. பாத்திப் பலகையில் 14 என்று எழுதியிருக்கிறேன். என் பேச்சை நம்பி விதை எடுக்க வேண்டாம். நுண்ணோக்கி மேசைமேல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நீங்களே எண்ணி